சன்னாசி வீரய்யா

கதவைச் சாத்திட்டு வெளியே உக்காருங்கக்கான்னு பேச்சுப் பழக்குற அந்த டீச்சர் பிள்ளை சொல்லி அஞ்சு நிமிஷம் ஆச்சு, நான் உள்ளே இருந்தா அத்தை பதிலை என் மூஞ்சியில தேடுதாவளாம், அதனால நான் வெளியே. எனக்கும் நல்லதுதான். ஃபேன் ஓடுது, நாற்காலி மெத்துன்னு இருக்கு, சனிக்கிழமை காலை பத்து மணி, அச்சாபீசுல அரை நாள் லீவு சொல்லியாச்சு, குழம்பு வச்சு மூடியாச்சு, ஒரு மணி நேரத்துக்கு என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்படிச் சும்மா உக்கார எனக்கு எங்க கிடைக்கு? காலை நீட்டிக்கிட்டா என்ன? நீட்டிக்கிட்டேன். ஜன்னல் வழியா வெயில் வந்து கால் பெருவிரல்ல விழுது, வெளியே பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கு, அதுகூட இன்னைக்கு எரிச்சலா இல்ல. எதிர்ச் சுவரோரமா ரெண்டு தொட்டி. இப்பத்தான் பாக்கேன், போன வாரம் இல்ல. ரெண்டுலயும் எங்க வீட்டுல இருக்க அதே செடி, நெட்டக்குத்தலா, மஞ்சக் கரை வச்ச பச்சைக் கத்தி மாதிரி. அடப்பாவி, நீ இங்கயும் வந்துட்டியா? பேச்சு வராதவங்க வந்து உக்கார்ற இடத்துல போயி எந்தக் கோட்டி, எந்தக் கிறுக்கு இதைக் கொண்டாந்து வச்சது? பேரு தெரிஞ்சு வச்சாங்களா, தெரியாம வச்சாங்களா? தெரியாமத்தான் இருக்கும். தெரிஞ்சிருந்தா ஒண்ணு சிரிச்சிருப்பாங்க, இல்ல தூக்கி வராந்தாவுல போட்டிருப்பாங்க. இன்னைக்குப் பன்னெண்டாவது தடவை. இன்னைக்கும் புதுசா ஒரு வார்த்தை வரலன்னா படப் புஸ்தகம் குடுத்துருவோம்க்கான்னு அந்தப் பிள்ளை போன வாரமே சொல்லிட்டா. சோறு படம், தண்ணி படம், கக்கூஸ் படம், வேணும்கிறதை விரலால தொட்டுக் காட்டணும். அது நல்லதுதான்க்கா, கஷ்டப்படாமக் கேட்டு வாங்கிக்கலாம்லான்னா. நல்லதுதான், யாரு இல்லன்னா. ஆனா எங்க அத்தை விரலால கேக்குறதை நான் பாக்கணுமே.

மாமியார் நாக்கு. அதுதான் இந்தச் செடிக்குப் பேரு. இங்கிலீஷ்லயே அப்படித்தானாம், தமிழ்நாட்டுல வச்ச பேரு இல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால நாங்க இப்போ இருக்க வீட்டுக்குக் குடி வந்தப்போ அச்சாபீஸ் எஸ்தரக்கா கையில ஒரு தொட்டியோட வந்தாவ. நான் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவ, அவுக பிழை பாக்கிறவுக, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தொட்டியைக் கையில குடுத்துட்டு, இதுக்குப் பேரு என்ன தெரியுமான்னு காதுக்குள்ள சொன்னாவ பாருங்க, அடுப்படியில நின்னு ரெண்டு பேரும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சோம். ரெண்டு பக்கமும் கூரு, முனையில ஒரு முள்ளு, தண்ணி ஊத்தாட்டியும் சாகாது, இருட்டுல போட்டாலும் வளரும், வேற எந்தப் பேரு இதுக்குப் பொருந்தும்? உலகத்துல உள்ள மருமகளுவ எல்லாம் கூடி உக்காந்து யோசிச்சு வச்ச பேரு மாதிரில்லா இருக்கு. அதைக் கொண்டுபோயி அத்தை நாற்காலிக்கு நேர் எதிர்த்தாப்ல வச்சேன். வேணும்னேதான். யாருக்கும் தெரியாத ஒரு சந்தோசம் வேண்டாமா மனுசிக்கு? நாலஞ்சு நாள் கழிச்சு அத்தை கேட்டாவ, "ஏளா, இதுக்கு என்னளா பேரு?" மாமியார் நாக்குன்னு சொல்ல முடியுமா? நல்லவேளை எஸ்தரக்கா படிச்சவங்க சொல்லுற பேரையும் சொல்லியிருந்தாவ. சான்செவீரியா அத்தைன்னேன். "என்னது? சன்னாசி வீரய்யாவா? சாமி பேராட்டுல்லா இருக்கு." ஆமா அத்தைன்னு தலையை ஆட்டினேன், வேற என்ன செய்ய? மறுநாள் காலையில பாக்கேன், தொட்டியில மூணு விரலால திருநீறு பூசியிருக்கு. அன்னையிலருந்து அது வீரய்யா. வீரய்யாவுக்குத் தண்ணி, வீரய்யாவுக்கு வெள்ளி செவ்வா திருநீறு, வீரய்யா பக்கம் விளக்குமாறு படக்கூடாது. வீட்டுக்கு வாறவங்க கிட்ட, இது எங்க மருமக கொண்டாந்து வச்ச சாமின்னு வேற சொல்லுவாவ. நான் அடுப்படிக்குள்ள ஓடிருவேன். மூணு நாளைக்கு ஒருக்கக்கூடத் தண்ணி ஊத்தக் கூடாத செடிக்குத் தெனமும் ஊத்துவாவ, சொன்னாக் கேக்க மாட்டாவ.

இந்த மூணு மாசத்துல இங்கன உக்காந்து உக்காந்து போன்ல அதைத்தான் தேடுதேன், அந்தப் பேரு எங்கருந்து வந்துதுன்னு. சவம், ஒரு செடிக்கு எத்தனை பேரு! இத்தாலியில தோட்டம் வச்சிருந்த ஒரு பிரபுவாம், அவரைப் பெருமைப்படுத்த ஒருத்தர் சான்செவரினியான்னு வச்சாராம். பொறவு வந்தவர் எழுதுறப்போ எழுத்து மாறி சான்செவீரியான்னு ஆயிட்டாம், அது வேற ஒரு இளவரசர் பேரு மாதிரி இருந்ததால அவருக்குத்தான் வச்சதுன்னு பாதிப் பேரு இன்னும் சொல்லுதாங்களாம். இருநூறு வருஷமா யாரும் பிழை பாக்கல. எங்க அச்சாபீசுன்னா ராத்திரியோட ராத்திரியா ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருப்போம். மாப்பிள்ளை பேரைத் தப்பா அடிச்சு ஐநூறு பத்திரிகை திரும்பி வந்த நாள்லருந்து ஒவ்வொரு பேரையும் நான் மூணு தடவை எழுத்துக் கூட்டிப் பாக்கேன், இங்க என்னன்னா ஒரு இளவரசருக்கு ஓசியில ஒரு செடி. அப்புறம் இப்போ அந்தப் பேரையும் எடுத்துட்டாங்களாம், டிரசீனா கூட்டத்துல சேத்துட்டாங்களாம், டிரசீனான்னா பெண் டிராகன். மாமியார் நாக்குக்குப் பெண் டிராகன் ஒண்ணும் மோசமில்ல, அதுக்கும் நெருப்பு வாயிலருந்துதானே வரும். ஆனா எனக்குப் பிடிச்சது வேற. இந்தச் செடிக்கு நம்ம காட்டுல ஒரு சொந்தக்காரச் செடி இருக்காம், மரல்னு பேரு, மருள்னும் சொல்லுவாங்களாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே அந்தப் பேரு இருந்திருக்கு. அதுலருந்து நார் உரிச்சு வில்லுக்கு நாண் முறுக்குவாங்களாம். நாண். அதை வாசிச்சப்போ போனைக் கீழ வச்சுட்டேன். ஏன்னா அத்தை வாயிலருந்து ஒரு வார்த்தை கிளம்புச்சுன்னா, அது குறி தப்பி நான் பாத்ததே இல்ல. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள வந்து தைக்கும். "வந்துட்டியாளா? வீடுன்னு ஒண்ணு இருக்கது ஞாபகம் வந்துட்டா?"

அத்தை பேரு பேச்சியம்மாள். ஆஸ்பத்திரியில ஃபாரம் எழுதினப்போதான் அந்தப் பேரை நான் முதமுதலா வாயைத் திறந்து சொன்னேன், இருபத்திரண்டு வருஷத்துல. மாமியார் பேரை மருமக சொல்லக் கூடாதுல்லா. அவுகளும் என் பேரைச் சொன்னதில்ல, எனக்கு ஆவுடையம்மாள்னு பேரு, அவுக மாமியாருக்கும் அதே பேரு, பொறவு எப்படிச் சொல்லுவாவ? அதனால நான் ஏளா, அவுக அத்தை, இப்படியே ஓடிட்டுது. ஃபாரம் எழுதுற நர்சு, பேச்சியம்மாளுக்குப் பேச்சு எப்போலருந்து இல்லன்னு கேட்டா. அவ சாதாரணமாத்தான் கேட்டா. எனக்குத்தான் அந்தப் பேரும் கேள்வியும் சேந்து காதுல விழுந்துச்சு. எப்போலருந்து? திங்கக்கிழமை காலை ஏழே காலுலருந்து. அத்தை நாற்காலியில உக்காந்து காப்பி குடிக்காவ, நான் வீரய்யா பக்கத்துல குத்தவச்சிருக்கேன். தெனமும் தண்ணி ஊத்தி ஊத்தி ஒரு இலை அடியில அழுகி கொழகொழன்னு ஆயிட்டு, வாடை வேற. பிடிச்சு ஒரு இழு இழுத்தேன், பொளக்குனு கையோட வந்துட்டு. "ஏளா, எதுக்கு என்…" அவ்வளவுதான். நான் திரும்பிப் பாக்கேன், டம்ளர் சாயுது, காப்பி சேலையில வடியுது, வாயோட இடது ஓரம் மேல தூக்கியிருக்கு, சிரிக்காவன்னுதான் நினைச்சேன், இன்னொரு நிமிஷம் அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது சிரிப்பு இல்ல, வலது பக்கம் விழுந்ததால இடது பக்கம் இழுத்துக்கிட்டுதுன்னு பொறவு டாக்டர் சொன்னாரு. என் கையில அழுகின இலை. மாமியார் நாக்கு. நாக்கைப் பிடுங்கிட்டேன்லா? கோட்டித்தனம்னு எனக்கே தெரியும், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையை அவுக ஒழுங்காப் போடல, டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு, இந்த இடத்துல அடைப்புன்னாரு, எல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்சா மட்டும் மனசு கேக்குதா? அந்த இலையில நல்லாருந்த மேல் பாதியை வெட்டி ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி நட்டு வச்சிருக்கேன். இன்னைக்குக் காலையில பாத்தேன், அடியில வெள்ளையா கடுகு மாதிரி ஒண்ணு இருக்கு. வேரா அழுக்கான்னு தெரியல.

எதுக்கு என்… என்னது அது? எதுக்கு என் செடியைப் பிடுங்குதே? எதுக்கு என் வீரய்யாவைத் தொடுதே? இல்ல அவுக வழக்கமாச் சொல்லுறது, எதுக்கு என் உசிரை வாங்குதே? அதுவாத்தான் இருக்கும், ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவாவ, உப்பு கூடுனா சொல்லுவாவ, கதவு டொப்புனு அடிச்சாச் சொல்லுவாவ. கடைசியா என்னைப் பாத்துச் சொன்ன வார்த்தை அதுவா இருந்தா நான் என்ன செய்ய? பல்லு விளக்கும்போது யோசிக்கேன், பத்திரிகையில மணமகள் பேரை அடிக்கும்போது யோசிக்கேன். அவுக கிட்டயே கேட்டுரலாம்னா, பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கு, சரி. பாருங்க கூத்தை. வாழ்க்கையில ஒரு நாளும் எதுக்கும் சரின்னு சொல்லாத பொம்பளை. அவுக பிள்ளை சொன்னாலும் சரின்னு சொன்னதில்ல, டாக்டர் சொன்னாலும் சரின்னு சொன்னதில்ல, அத்தனை வார்த்தையும் போயி இது ஒண்ணு மட்டும் நின்னுட்டு. சிலருக்கு அப்படி ஒத்த வார்த்தை ஒட்டிக்கிடும்க்கா, அர்த்தத்தோட சொல்லுதாங்கன்னு நினைக்காதீங்கன்னா டீச்சர் பிள்ளை. முத மூணு வாரம், சொல்லிர வேண்டியதுதான், எனக்கு நல்லாருந்துச்சு. யார் கிட்டயும் சொன்னதில்ல, எனக்குள்ளயாவது சொல்லிக்கிடுதேன். நல்லாருந்துச்சு. புளி இவ்வளவு போதுமா அத்தை? சரி. நான் எங்க அம்மா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரட்டா? சரி. இந்தச் சேலை எனக்கு எடுப்பா இருக்கா? சரி. வீடு அமைதியா, ரேடியோவைக் கூட சத்தமா வச்சுக் கேட்டேன், பாட்டுக்கு ஏத்த மாதிரி வெங்காயம் நறுக்கினேன். நாலாவது வாரம் ஒரு நாள் ரசத்துல உப்பே போடல, மறந்துட்டேன். அத்தை குடிச்சாவ. எப்படி இருக்கு அத்தைன்னேன். சரின்னாவ. நான் ஒரு வாய் எடுத்துப் பாத்தேன், வாயில வைக்க வழியில்ல. அப்படியே தட்டுக்கு முன்னால உக்காந்து அழுதேன். உப்பில்லாத ரசத்துக்கு என்னை ஏசாத அத்தை எனக்கு எதுக்கு? எங்க வீட்டுக்காரர் வந்து, என்னட்டி, எம்மா ஏதும் சொன்னாவளான்னு பழக்கதோசத்துல கேட்டாவ. சொல்லல, அதான் அழுதேன்னேன். அவுகளுக்கும் கண்ணு கலங்கிட்டு.

உள்ளேருந்து சத்தம் கேக்குது. "பேச்சியம்மா, இது என்ன?" "சரி." "இல்லம்மா, இது சாவி. சா… வி." "சரி." அந்தப் பிள்ளைக்கு என்ன பொறுமை. ஜெனிட்டான்னு பேரு, இருபத்தஞ்சு இருபத்தாறுதான் இருக்கும், எங்க அத்தையைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுற முத ஆளு. முத நாள் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்போ கேக்க நல்லாருக்கு. அத்தைக்கும் பிடிச்சிருக்கு, கூப்பிட்டா முகம் நிமிருது. எத்தனை வருஷமாச்சோ அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு, எம்மா, அத்தை, ஆச்சின்னே போயிட்டுல்லா. பேருன்னா என்னதான்? யாரோ ஒருத்தர் பிழையா எழுதினது, யாரோ ஒருத்தி கேலிக்கு வச்சது, காதுல தப்பா விழுந்து சாமியாப் போனது. செடி பாட்டுக்கு நிக்குது. வெயில் இப்போ கணுக்கால் வரைக்கும் வந்துட்டு. வீட்டுக்குப் போனா குழம்பு இருக்கு, அப்பளம் பொரிக்கணும், சாயங்காலம் அத்தைக்குத் தலை வாரி விடணும், அவுக முடி இப்பவும் என் முடியை விட அடர்த்தி. தலை வாரும்போது மட்டும் ரெண்டு பேருக்கும் பேச்சு வேண்டாம். சீப்பு காதுல பட்டா உஸ்ஸுன்னுவாவ, அது எனக்குப் போதும். அது போதும்னு நினைச்சுக்கிட்டா படப் புஸ்தகம் ஒண்ணும் பெரிசில்ல. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நானே பெரிய எழுத்துல அடிச்சு ஒட்டிருவேன், பிழை இல்லாம. ஆனா அதுல ஏசுறதுக்கு ஒரு படம் இருக்காதே. சும்மா இரு மனசே, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இந்தத் தொட்டியில தட்டு நெறையத் தண்ணி நிக்குது பாருங்க, இங்கயும் யாரோ தெனம் ஊத்துதாங்க.

கதவு திறந்துட்டு. ஜெனிட்டா பிள்ளை அத்தையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாறா, இன்னொரு கையில பரீட்சை அட்டையில சொருகின ஃபாரம். அவ முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு. "இன்னைக்கும் சரி மட்டும்தான்க்கா. முப்பது படம் காட்டினேன். புஸ்தகத்தை எடுத்துட்டு வாரேன், எப்படிப் பழக்கணும்னு சொல்லித் தாரேன், என்ன?" நான் எந்திரிச்சேன். அத்தை என்னைப் பாக்கல. என்னைத் தாண்டி அந்தச் சுவரோரம் பாக்குதாவ. வலது காலை இழுத்து இழுத்துப் பைய அங்கன போறாவ, நாங்க ரெண்டு பேரும் பின்னாலயே போறோம். தொட்டிக்கு முன்னால நின்னாவ. இடது கையால ஒரு இலையை அடியிலருந்து நுனி வரைக்கும் தடவினாவ. திருநீறு தேடுதாவளோன்னு நினைச்சேன், வீரய்யான்னு சொல்லிருவாவளோன்னு இன்னும் கிட்டப் போயி நின்னேன். அந்தப் பிள்ளை விடுவாளா, பழக்கம்லா, உடனே கேட்டா, "பேச்சியம்மா, இது என்ன?"

அத்தை வாயைத் திறந்தாவ. மூடினாவ. கழுத்து நரம்பு புடைக்குது. "நா…"

"சொல்லுங்க, சொல்லுங்க."

"நா… க்கு."

"ஐயோ, வார்த்தை வந்துட்டுக்கா!" அந்தப் பிள்ளை என் தோளைப் பிடிச்சு உலுக்குதா. பொறவு அத்தை பக்கம் திரும்பி, "நாக்கு நம்ம வாய்க்குள்ள இருக்கும்மா. இது செடி. எங்க, சொல்லுங்க, செ… டி."

அத்தை சரின்னு சொல்லல. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாவ. மூணு மாசத்துல முதல் தடவையா எங்க அத்தை முடியாதுன்னு சொல்லுதாவ. இலையைத் தொட்டாவ, அதே விரலால தன் நெஞ்சைத் தொட்டாவ. "என்… நாக்கு." அப்புறம் என்னைப் பாத்தாவ. வாயோட இடது ஓரம் மேல தூக்குச்சு. அன்னைக்கும் இதே ஓரம்தான். ஏளா, எதுக்கு என்… நாக்கைப் பிடுங்குதே? அதுதானா? அம்புட்டுத்தானா? ஏச்சு இல்ல, சாபம் இல்ல, கேலி! டாக்டர் என்ன சொன்னா என்ன, அன்னைக்கு நீங்க சிரிச்சுத்தான் இருக்கீங்க! தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சிருக்கு இந்தப் பொம்பளைக்கு. என்னைக்கு எஸ்தரக்கா உளறினாவளோ, இல்ல அன்னைக்கு அடுப்படியில நாங்க சிரிச்சதே காதுல விழுந்துதோ. தெரிஞ்சுக்கிட்டே பதினோரு வருஷம் திருநீறு பூசி, தெரிஞ்சுக்கிட்டே வீரய்யான்னு கூப்பிட்டு, வந்தவன் போனவன் கிட்டயெல்லாம் மருமக வச்ச சாமின்னு சொல்லி, நான் அடுப்படிக்குள்ள ஓடுறதை உக்காந்து வேடிக்கை பாத்திருக்காவ. பாவி மனுசி. எங்க அத்தை. எனக்குச் சிரிப்பு வருது, அழுகை வருது, ரெண்டும் சேந்து மூக்குல வருது, முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டேன், அதைப் பாத்து அத்தைக்கு இன்னும் சிரிப்பு.

ஜெனிட்டா பிள்ளை ஒண்ணும் புரியாம ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குதா. ஃபாரத்தை எடுத்து எழுதப் போனா. "புது வார்த்தைன்னு எழுதிருதேன்க்கா. ஆனா பொருளைப் பாத்துத் தப்பாச் சொன்னாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல குறி போடணும்."

"போடாதீங்க டீச்சர்," நான் அவ பேனாவைப் பிடிச்சுட்டேன். "பிழையே இல்ல. அந்தச் செடிக்குப் பேரு மாமியார் நாக்கு. பேரு தெரிஞ்சே வீட்டுல அவுக முன்னால அதைக் கொண்டாந்து வச்சவ நான்தான். சரின்னு போடுங்க."

"சரி"ன்னாவ அத்தை.